இரவு 11.10-க்கு ஒரு மெசேஜ்: அலுவலக டிஜிட்டல் அழுத்தத்தைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை இரவு 11.10-க்கு என் குழுவில் இருந்த ஒரு பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி அனுப்பினேன். "மார்ச் ரிப்போர்ட் எந்த ஃபோல்டர்ல இருக்கு?" காலையில் கேட்க மறந்துவிடுவேனோ என்றுதான் அனுப்பினேன். அனுப்பிய கையோடு தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் 11.50-க்கே ரிப்போர்ட் வந்திருந்தது, இரண்டு பக்கம் திருத்தத்தோடு. மறுநாள் அவருடைய அக்காவுக்கு வளைகாப்பு. விடுப்பு எடுத்து ஊருக்குப் போனவர் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

ஐந்து மாதம் கழித்து அவர் வேலையை விட்டார். கடைசி நாள் டீக்கடையில் காரணம் கேட்டபோது சம்பளம் மூன்றாவதாகத்தான் வந்தது. முதல் காரணம் இது: "உங்க பேர் போன்ல வந்தாலே வயித்துல என்னமோ பண்ணும் சார்."

நான் கோபக்காரன் இல்லை. யாரையும் திட்டியதும் இல்லை. அப்புறம் ஏன் வயிற்றைக் கலக்கியது என்று யோசித்ததில் ஆரம்பித்ததுதான் இந்த வழிகாட்டி. 5 முதல் 50 பேர் வரை வேலை செய்யும் இடத்தில் முடிவெடுக்கக்கூடியவர்களுக்காக எழுதுகிறேன்: குழுத் தலைவர், கிளை மேலாளர், சிறு நிறுவன முதலாளி. முடிவெடுக்கும் இடத்தில் இல்லாதவர்களுக்கும் கடைசிப் படிக்கு முன்னால் ஒரு பகுதி உண்டு.

முதலில், எந்த அழுத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

டெக்னோஸ்ட்ரெஸ் (தொழில்நுட்பம் தரும் அழுத்தம்) என்ற சொல்லைப் பரவலாக்கியவர் கிரெய்க் பிராட் என்ற அமெரிக்க உளவியலாளர். வருடம் 1984. பெரும்பாலான அலுவலகங்கள் இமெயிலையே பார்த்திராத காலம். மேசைக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரைக் கண்டு மிரண்டவர்களைப் பற்றியும், அதோடு ஒட்டிக்கொண்டு மனிதர்களிடம் பொறுமை இழந்தவர்களைப் பற்றியும் அவர் எழுதினார். மிரட்சி இன்று குறைந்துவிட்டது. பொறுமையிழப்பு அப்படியே இருக்கிறது.

நமக்கு அதிகம் பயன்படுவது டி.எஸ். ராகுநாதன், மோனிதீபா தரப்தார் உள்ளிட்ட நால்வர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு. டிஜிட்டல் அழுத்தத்தை அவர்கள் ஐந்தாகப் பிரித்தார்கள். நம் அலுவலகப் பேச்சில் சொல்வதானால் முதலாவது சுமை: நாலு பக்கமும் மெசேஜ் வந்து, வேகமாகவும் அதிகமாகவும் செய்யத் துரத்துவது. இரண்டாவது ஊடுருவல்: வேலை சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்துவிடுவது. மூன்றாவது சிக்கல்: மென்பொருள் புரியாமல், கேட்கவும் கூச்சப்பட்டு, மானம் போகிற மாதிரி உணர்வது. நான்காவது பயம்: தன்னைவிட நன்றாகத் தெரிந்த சின்னப் பையனோ ஏஐ-யோ தன் நாற்காலியை எடுத்துக்கொள்ளும் என்ற எண்ணம். ஐந்தாவது ஓயாத மாற்றம்: போன வருடம் கற்றுக்கொண்டது இந்த வருடம் செல்லாது.

இந்த ஐந்தும் ஏறினால் வேலைத் திருப்தி இறங்குகிறது; திருப்தி இறங்கினால் நிறுவனத்தின் மேல் உள்ள பிடிப்பும் இறங்குகிறது என்பதுதான் அந்த ஆய்வின் முடிவு. திருப்தியைக் கூட்டும் மூன்று விஷயங்களையும் அவர்கள் காட்டினார்கள்: சொல்லிக் கொடுப்பது, சிக்கிக்கொண்டால் கைகொடுக்க ஆள் வைப்பது, புதிய கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே ஊழியர்களைச் சேர்த்துக்கொள்வது. மூன்றுக்குமே பெரிய செலவில்லை. ஏன் யாரும் செய்வதில்லை என்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

இன்னொரு பெயரும் ஞாபகத்தில் இருக்கட்டும். 1979-ல் ராபர்ட் கராசெக் ஒரு மாதிரியை முன்வைத்தார். வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை. வேலை அதிகமாக இருந்து, அதை எப்போது எப்படிச் செய்வது என்ற முடிவும் தன் கையில் இல்லாதபோதுதான் ஆள் உடைகிறார். தீபாவளி நேரத்து ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்பவர் களைத்துப் போவார். ஷட்டரை இறக்கினால் அவருடைய அன்றைய வேலை முடிந்தது. நம் போனுக்கு ஷட்டர் கிடையாது.

படி 1: இரண்டு வாரம் எண்ணுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் இப்போது என்ன நடக்கிறது என்று எண்ண வேண்டும். உணர்வை வைத்துப் பேசினால் மேலாளர் "அப்படியொண்ணும் அதிகமில்லையே" என்பார். ஊழியர் "எப்பவுமே வருது" என்பார். இரண்டும் உதவாது.

அலுவலக வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, மெனுவில் 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து, படங்கள் இல்லாமல் எடுங்கள். ஒவ்வொரு மெசேஜுக்கும் தேதி, நேரம், அனுப்பியவர் பெயரோடு ஓர் எழுத்துக் கோப்பு வரும். எக்ஸெல்லில் போட்டு நான்கு எண்களை மட்டும் எடுங்கள்: மொத்த மெசேஜ், மாலை 7-க்கு மேல் வந்தவை, ஞாயிறும் விடுமுறையும் வந்தவை, யார் எத்தனை அனுப்பினார்கள். டீம்ஸ், ஸ்லாக் போன்ற அலுவலகச் செயலி பயன்படுத்தினால் ஒரு வாரத்தைக் கையாலேயே எண்ணிவிடலாம். எண்ணப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே குழுவில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால் அதுவே ஒரு புது அழுத்தம்.

நான் முதல்முறை எண்ணியபோது இரவு மெசேஜ்களில் பாதிக்கு மேல் ஒரே ஆள் அனுப்பியவை. அந்த ஆள் நான்தான்.

ஊழியர்கள் தங்களுக்காக ஒன்று எண்ணிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்க்ரீன் டைம்' பகுதிக்குப் போனால் ஒரு நாளில் எத்தனை நோட்டிஃபிகேஷன் வந்தது என்று செயலிவாரியாகக் காட்டும். இதை மேலாளர் கேட்கக் கூடாது; அது அவரவர் சொந்த விஷயம்.

படி 2: கேளுங்கள், ஆனால் சுருக்கமாக

நாற்பது கேள்வி உள்ள சர்வே அனுப்பிவிட்டு டிஜிட்டல் அழுத்தத்தைக் குறைக்கிறோம் என்று சொல்வது கொஞ்சம் வேடிக்கை. ஆறு கேள்வி போதும். 1 (இல்லவே இல்லை) முதல் 5 (முழுக்க உண்மை) வரை மதிப்பெண், தமிழிலேயே கேளுங்கள்:

"ஒரே நேரத்தில் பல இடத்திலிருந்து மெசேஜ் வந்து திணறுகிறேன்."
"வீட்டில் இருக்கும்போதும் ஆபீஸ் மெசேஜ் வருமோ என்று மனம் காத்துக்கொண்டே இருக்கிறது."
"பயன்படுத்தச் சொல்லும் மென்பொருளில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை."
"டெக்னாலஜி தெரிந்த இன்னொருவர் வந்தால் என் வேலை போய்விடும் என்று தோன்றுகிறது."
"ஒன்றைக் கற்று முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது."
"மொத்தத்தில் இந்த வேலை எனக்குத் திருப்தியாக இருக்கிறது."

முதல் ஐந்து மேலே சொன்ன ஐந்து வகைகள். ஆறாவது, எட்டு வாரம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க. கூகுள் ஃபார்மில் கேட்டால் மின்னஞ்சல் முகவரி சேகரிப்பதை அணைத்துவிடுங்கள். எட்டுப் பேருக்குக் குறைவான குழு என்றால் பெயரில்லாத சர்வே என்பதே கிடையாது, யார் எழுதியது என்று தெரிந்துவிடும். அங்கே சர்வே வேண்டாம். ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்து, தனித்தனியாகப் பேசுங்கள். பேசும்போது உங்கள் போனை மேசைமேல் வைக்காதீர்கள்.

படி 3: நோய் எது என்று பார்த்து மருந்து கொடுங்கள்

முதல் ஐந்தில் எந்தக் கேள்விக்கு அதிக மதிப்பெண் வந்ததோ அதை முதலில் எடுங்கள். சுமையும் ஊடுருவலும் அதிகம் என்றால் படி 4, 5, 6. சிக்கல், பயம், மாற்றம் என்றால் படி 7. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் அந்த மாற்றமே ஐந்தாவது வகை அழுத்தமாகிவிடும்.

பெரிய நிறுவனங்கள் இங்கேதான் வழுக்கி விழுகின்றன. அழுத்தம் என்றதும் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு ஒரு யோகா வகுப்பு, அதற்கும் ஒரு டீம்ஸ் இன்வைட், வராதவர்களுக்கு ஒரு ரிமைண்டர். யோகா நல்லதுதான். குழாய் திறந்திருக்கும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது மாதிரி அது.

படி 4: எப்போது பதில் வேண்டும் என்பதைப் பேசி எழுதுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் செய்துவிட்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை. என் வளைகாப்பு மெசேஜில் என்ன கோளாறு என்பதை எனக்குப் புரியவைத்தது 2021-ல் லாரா கியுர்ஜ், வனேசா போன்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு. அவசரமில்லாத வேலை மெயில் ஒன்று நேரம் கெட்ட நேரத்தில் வந்தால், அனுப்பியவர் நினைப்பதைவிடச் சீக்கிரமாகப் பதில் வேண்டும் என்று பெறுபவர் நினைத்துக்கொள்கிறார். நாம் எல்லோருமே இப்படித்தான்: நான் அனுப்பும்போது "மெதுவாப் பாத்துக்கட்டும்", எனக்கு வரும்போது "உடனே கேக்கறாரு". இதற்கு அவர்கள் கண்ட மருந்து மிக எளிது. அவசரமில்லை, வேலை நேரத்தில் பார்த்தால் போதும் என்று அனுப்புபவரே ஒரு வரி சேர்ப்பது.

வில்லியம் பெக்கரும் உடனிருந்தவர்களும் செய்த இன்னோர் ஆய்வு கொஞ்சம் பயமுறுத்துகிறது. இரவில் மெயில் வருகிறதா என்பதைவிட, வந்தால் பார்க்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே ஆளுக்குப் பதற்றம் தருகிறது. அந்தப் பதற்றம் வீட்டில் இருக்கும் துணையின் நலத்தையும் பாதிக்கிறது. ஆக, "நைட் ரெண்டு மெசேஜ்தானே அனுப்பறேன்" என்ற கணக்கு செல்லாது. எதுவும் வராத இரவிலும் அவர் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆகவே முக்கால் மணி நேரம் குழுவோடு உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். போன் அழைப்பு வந்தால் அது இப்போதே பார்க்க வேண்டியது. வாட்ஸ்அப் அல்லது டீம்ஸ் என்றால் வேலை நேரத்துக்குள் இரண்டு மூன்று மணி நேரத்தில் பதில். மெயில் என்றால் அடுத்த வேலை நாள். அவசரம் என்றால் போன் மட்டுமே, வேறெதுவும் இல்லை. இது எல்லோருக்கும் பொது. அழைப்புக்கு ஓர் இயல்பான தடுப்பு இருக்கிறது: இரவு 10 மணிக்கு ஒருவரைக் கூப்பிட நமக்கே சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடத்தை வாட்ஸ்அப் எடுத்துவிட்டது. நாம் திரும்ப வைக்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்து 'அவசரம்' என்ற சொல்லுக்குப் பொருள் எழுதுங்கள். சர்வர் நின்றுவிட்டது, சரக்கு லாரி செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டது, நோயாளிக்கு ஆபத்து, நாளைக் காலை 9 மணிக்குள் கெடு முடிகிறது. இப்படி உங்கள் தொழிலுக்கு ஏற்ற நான்கைந்து. "எம்டி கேட்டார்" என்பது அவசரமா? இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். எங்கள் குழுவில் கடைசியாக எழுதியது: "எம்டி இன்றைக்கே வேண்டும் என்று சொன்னால் மட்டும்." ஒருவர் போய் எம்டியிடமே கேட்டார். தான் கேட்பதில் பாதிக்கு மேல் அடுத்த நாள் கிடைத்தால் போதும் என்றார் அவர்.

இரவில் ஒன்று ஞாபகம் வந்தால் என்ன செய்வது? ஜிமெயில், அவுட்லுக், டீம்ஸ், ஸ்லாக் எல்லாவற்றிலும் பிறகு அனுப்பும் வசதி இருக்கிறது, காலை 9.30-க்கு வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே மெசேஜ் அனுப்பி வைத்துக்கொண்டு காலையில் ஃபார்வர்டு செய்யலாம். தலைவர் இதைச் செய்யாவிட்டால் ஒப்பந்தம் வெறும் காகிதம். "நான் அனுப்புவேன், நீங்க பாக்க வேண்டாம்" என்று சொல்லும் மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் நம்பியதில்லை.

ஃபோல்க்ஸ்வாகன் கார் நிறுவனம் 2011-ல் ஜெர்மனியில் ஒரு பகுதி ஊழியர்களுக்கு வேலை நேரம் முடிந்து அரை மணி நேரத்தில் பிளாக்பெர்ரி போனுக்கு மெயில் போவதையே சர்வரில் நிறுத்தியது. இன்னொரு கார் நிறுவனமான டெய்ம்லர் 2014-ல் விடுப்பில் இருப்பவருக்கு வரும் மெயில் தானாக அழிந்து, அனுப்பியவருக்கு வேறொருவர் முகவரி போகிற வசதியைக் கொண்டுவந்தது. நம் ஊரில் இவ்வளவு தூரம் போக வேண்டாம். விடுப்பில் இருப்பவரின் வேலைக்கு மாற்று ஆள் யார் என்று குழுவில் ஒரு வரி போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

படி 5: குழுக்களைக் குறையுங்கள்

ஒரு சராசரி அலுவலகத்தில் எத்தனை வாட்ஸ்அப் குழு? ஆபீஸ் மெயின், சேல்ஸ், சேல்ஸ் மேலாளர் இல்லாத சேல்ஸ், 2022 பொங்கல் விழாக் கமிட்டி. கடைசியாக மூன்று மாதத்தில் வேலை விஷயம் எதுவும் பேசாத குழுக்களைக் கலைத்துவிடுங்கள். ஒரே ஆட்கள் இருக்கும் இரண்டு குழுவை ஒன்றாக்குங்கள்.

அறிவிப்புக்கென்று ஒரு குழு வைத்து, அட்மின் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு விடுமுறை அறிவிப்புக்கு 23 "நோட்டட் சார்", 14 "ஓகே சார்", ஒரு பூங்கொத்துப் படம். இதை வெறும் தொல்லை என்று ஒதுக்க முடியாது. எல்லோரும் போட்டபின் தான் போடாவிட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற பயம் அதில் இருக்கிறது. "பார்த்ததற்கு ஒரு கட்டைவிரல் போதும், அதுவும் கட்டாயமில்லை" என்று தலைவர் வாயால் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

நீல டிக் பற்றி ஒரு தகவல். தனி உரையாடலில் அதை அணைத்துவிடலாம். குழுவில் அணைக்க முடியாது, யார் படித்தார்கள் என்று அனுப்பியவருக்குத் தெரியும். "பாத்துட்டும் பதில் போடலியே" என்ற சண்டைக்கு மூலம் இதுதான். இதைப் பேசி ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுவது நல்லது: படித்தது என்றால் படித்தது மட்டுமே, ஒத்துக்கொண்டது என்று பொருளில்லை.

முடிந்தால் அலுவலகத்துக்குத் தனி எண். 2023 அக்டோபர் முதல் ஆண்ட்ராய்டில் ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த சிம்முக்கு மாத ரீசார்ஜ் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். அம்மாவின் மெசேஜும் மேலாளரின் மெசேஜும் ஒரே சத்தத்தில் வருவது கொடுமை.

படி 6: மெயில், மீட்டிங், அமெரிக்க நேரம்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் 2012-ல் ஒரு சின்னச் சோதனை செய்தார். அலுவலக ஊழியர்கள் 13 பேருக்கு ஐந்து நாள் மெயிலையே நிறுத்தி, இதயத்துடிப்பு மானியை மாட்டிவிட்டார்கள். மெயில் இருந்தபோது மணிக்குச் சுமார் 37 முறை திரையை மாற்றிக்கொண்டிருந்தவர்கள், இல்லாதபோது 18 முறைதான் மாற்றினார்கள். அழுத்தமும் குறைந்தது. மெயிலை நிறுத்த முடியாது என்பவர்களுக்கு, கனடாவில் குஷ்லேவ், டன் இருவரும் 124 பேரை வைத்துச் செய்த 2015 ஆய்வு இருக்கிறது: ஒரு நாளைக்கு மூன்றே முறை மெயில் பார்த்த வாரத்தில் அழுத்தம் குறைவாக இருந்தது. காலை 10, மதியம் 2, மாலை 5 என்று வைத்துக்கொள்ளலாம். படி 4-ன் ஒப்பந்தம் இருந்தால்தான் இதைப் பயமில்லாமல் செய்ய முடியும்.

வீடியோ கூட்டம் ஏன் நேர்க்கூட்டத்தைவிடக் களைப்பாக்குகிறது என்பதை ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லென்சன் 2021-ல் நான்காகச் சொன்னார்: முகங்கள் மிக நெருக்கமாக நம்மையே பார்ப்பது, நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்கார வேண்டியிருப்பது, குறிப்புகளைப் புரிந்துகொள்ளவும் காட்டவும் மூளைக்கு ஆகும் கூடுதல் வேலை. உங்கள் படத்தை உங்களுக்கே காட்டாமல் மறைக்கும் வசதி இருக்கிறது. முடிவெடுக்காத கூட்டத்துக்கு கேமரா வேண்டாம்.

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஐடி வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடு உண்டு. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் மாலை 6.30, அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு குளிர்காலத்தில் 7.30. நவம்பரில் ஒரு மணி நேரம் தள்ளிப் போகிற அந்தக் கூட்டத்துக்காக எத்தனை வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரமே மாறுகிறது! வாடிக்கையாளர் நேரத்தை மாற்ற முடியாது, சரி. மூன்று விஷயம் செய்யலாம். எல்லோரும் எல்லாக் கூட்டத்துக்கும் வர வேண்டாம், முறை வைத்துக்கொள்ளலாம். மாலைக் கூட்டத்தில் இருந்தவர் மறுநாள் காலை தாமதமாக வரலாம். அதை விடுப்பாகக் கணக்கிடக் கூடாது. வாரத்தில் ஒரு மாலை ஒவ்வொருவருக்கும் முழுதாக விடுதலை, எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது என் கண்டுபிடிப்பில்லை. ஹார்வர்டின் லெஸ்லி பெர்லோ, வாடிக்கையாளருக்காக எந்நேரமும் ஓடும் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தில் இதைச் சோதித்து 2009-ல் எழுதினார். ஒரே ஒரு மாலை, ஆனால் உறுதியான மாலை. அந்த மாலையைக் காப்பாற்ற ஒருவர் வேலையை இன்னொருவர் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. குழு அதிகம் பேசியது, வேலைத் திருப்தி கூடியது, வாடிக்கையாளர்களும் குறை சொல்லவில்லை.

படி 7: புது மென்பொருள் வரும்போது

டிஜிட்டல் அழுத்தம் என்றால் ஐடி ஆட்களின் நோய் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் செயலி வழியே ஒரு நாளைக்கு இரண்டு முறை படத்தோடு வருகைப்பதிவு கட்டாயமானது. சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் பணித்தளப் பொறுப்பாளரை நினைத்துப் பாருங்கள். அங்கன்வாடி ஊழியர்களுக்கு 2021-ல் ஊட்டச்சத்து விவரங்களைப் பதியும் போஷண் டிராக்கர் செயலி வந்தது. எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் செய்யும் பதிவுகள், அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பாடம் நடத்தும் நேரத்தைத் தின்கின்றன என்று அவர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். இவர்களிடம் கேட்டால் செயலி கெட்டது என்று சொல்வதைவிட, "அதையும் போடணும், நோட்டுலயும் எழுதணும்" என்பதுதான் முதலில் வரும்.

அதனால் இந்தப் படியின் முதல் விதி: புதியது வந்தால் பழையது நிற்க வேண்டும். நிறுத்தும் தேதியை ஆரம்பத்திலேயே அறிவியுங்கள். நிறுத்த முடியாது என்றால் புதியதைக் கொண்டுவராதீர்கள்.

வாங்குவதற்கு முன், அதைத் தினமும் தொடப்போகும் இரண்டு பேரைக் கூப்பிட்டு விற்பனையாளரின் டெமோவில் உட்கார வையுங்கள். பில் போடும் அக்கா கேட்கும் ஒரு கேள்வி, மேலாளர் கேட்கும் பத்துக் கேள்விக்குச் சமம். "ரிட்டர்ன் வந்தா எங்க போடறது?" என்று அவர் கேட்டு, விற்பனையாளர் முழித்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

பயிற்சி என்றால் இரண்டு மணி நேரப் பிரசன்டேஷன் இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் நன்றாகக் கற்றுக்கொண்ட ஒருவரை முதல் மாதம் மற்றவர்களுக்கு உதவ விடுங்கள், அந்த நேரத்துக்கு அவருடைய வழக்கமான வேலையைக் குறைத்துவிடுங்கள். குறைக்காவிட்டால் உதவி செய்பவருக்கு அழுத்தம் மாறிப் போகும், அவ்வளவுதான். ஐம்பது வயதுக்காரர் இருபத்தைந்து வயதுப் பையனிடம் எல்லோர் முன்னாலும் கேட்க மாட்டார்; கூட்டத்துக்கு வெளியே கேட்க ஓர் இடம் வேண்டும்.

ஏஐ பற்றிய பயத்துக்குப் பேச்சுதான் மருந்து. யாருடைய வேலை மாறும், யாருடையது மாறாது என்று தெரிந்த அளவுக்கு நேராகச் சொல்லுங்கள். மௌனம் இருந்தால் கேன்டீனில் ஒரு பதில் தயாராகிவிடும்.

சிலர் இந்த இடத்தில் கண்காணிப்பு மென்பொருள் வாங்குவார்கள்: ஐந்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் ஆள் இல்லை என்று கணக்கு. ஊழியர்கள் மவுஸை அசைக்கக் கற்றுக்கொள்வார்கள். வேலை அதிகமாகாது.

முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இல்லை என்றால்

சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம். பிரான்ஸில் 2017 ஜனவரி 1 முதல், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று ஊழியர்களோடு பேச வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26-ல் துண்டித்துக்கொள்ளும் உரிமை வந்தது. வேலை நேரத்துக்கு வெளியே வரும் தொடர்பை ஊழியர் மறுக்கலாம், அந்த மறுப்பு நியாயமற்றதாக இருந்தால் மட்டும் முடியாது. இந்தியாவில் சுப்ரியா சுலே எம்.பி. 2018-ல் மக்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) கொண்டுவந்தார். நம் நாடாளுமன்றத்தில் ஒரு தனிநபர் மசோதா கடைசியாகச் சட்டமானது 1970-ல் என்பதை வைத்து, எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே பேச்சுதான் வழி. புகாராகச் சொல்லாமல் கேள்வியாகக் கேளுங்கள். மேலாளர் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு காலை நேரம் பார்த்து: "சார், நைட் 9 மணிக்கு மேல வர்ற மெசேஜைக் காலைல வந்ததும் பாத்தாப் போதுமா? அவசரம்னா ஒரு கால் பண்ணிடுங்க, எந்நேரமும் எடுத்துடறேன்." பத்தில் ஏழெட்டு மேலாளர்கள் "அட, அதுக்கென்னம்மா" என்பார்கள் என்பது என் அனுபவம். அவர்களும் என்னைப் போலத்தான், ஞாபகத்துக்காக அனுப்பியவர்கள். "முடியாது" என்று சொல்பவர் இருந்தால், அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல்தான்.

தனியாகக் கேட்பதைவிட மூன்று பேர் சேர்ந்து கேட்பது எளிது. அதுவரைக்கும் குழுக்களை ம்யூட் செய்து, மேலாளரின் போன் அழைப்புக்கு மட்டும் சத்தம் விடுங்கள்.

தூக்கம் தொடர்ந்து கெடுகிறது, ஞாயிறு மாலையே நெஞ்சு படபடக்கிறது, வேலையில் எதுவுமே ஒட்டவில்லை என்றால் இந்தப் படிகளைத் தாண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள். வேலையால் வரும் எரிந்துபோன நிலையை (பர்ன்அவுட்) உலக சுகாதார நிறுவனமே 2019-ல் தன் நோய் வகைப்பாட்டில் வேலை சார்ந்த நிகழ்வாகச் சேர்த்திருக்கிறது; உங்கள் பலவீனம் என்று நினைக்க வேண்டியதில்லை. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், எந்நேரமும், தமிழிலும் பேசலாம்.

படி 8: எட்டு வாரம் கழித்து

அதே எக்ஸ்போர்ட், அதே ஆறு கேள்வி. முதலில் குறைவது இரவு மெசேஜ் எண்ணிக்கை. திருப்தி மதிப்பெண் உடனே ஏறாது; ஒப்பந்தம் நிஜம்தானா என்று ஆட்கள் சோதித்துப் பார்ப்பார்கள். ஒருநாள் யாராவது வேண்டுமென்றே இரவு மெசேஜுக்குப் பதில் போடாமல் விட்டுவிட்டு, மறுநாள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அன்றைக்கு முகம் மாறாமல் இருக்க வேண்டும்.

வருடக் கடைசியிலும் பெரிய வாடிக்கையாளர் வரும்போதும் ஒப்பந்தம் உடையும். உடைந்தால் மறைக்காமல், "இந்த இரண்டு வாரம் மட்டும், 31-ஆம் தேதி பழையபடி" என்று தேதி போட்டுச் சொல்லுங்கள். தேதி இல்லாத விதிவிலக்குதான் மெல்ல மெல்லப் பழக்கமாகிறது.

புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே காட்ட, ஒப்பந்தத்தைக் குழுவின் விவரப் பகுதியில் ஒட்டி வையுங்கள். எங்கள் குழுவில் இருந்தது இது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்:

"காலை 9.30 முதல் மாலை 6.30 வரை இங்கே பேசுவோம். அதற்கு மேல் எழுத வேண்டாம். எழுதிவிட்டால் மறுநாள் பார்த்தால் போதும். அவசரம் என்றால் கால் பண்ணவும். எது அவசரம் என்ற பட்டியல் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. விடுப்பில் இருப்பவரைக் கேட்க வேண்டாம், மாற்று ஆளைக் கேட்கவும். குட்மார்னிங் நேரில் சொல்லிக்கொள்வோம்."